பொன்னம்மாளின் முப்பத்தொரு கடமைகள்

கோல் மார்க்கெட்,
புது டில்லி.
5 டிசம்பர் 2002, வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர், தலைமையாசிரியர் திரு. அப்பாவு அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் அக்காள் ஜெயலட்சுமியின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைத் தனியாகக் குறிப்பிடும்படி சொன்னாள், குறிப்பிட்டுவிட்டேன். அங்கு உங்கள் வீட்டாரும், பள்ளிக்கூடமும், புதிதாகப் போட்ட சத்துணவுக் கூடத்துக் கூரையும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் விழுங்கி விழுங்கிப் பேசுகிறேன் என்று கேட்டீர்கள். எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் தர்மபுரிக்காரர். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாலும் அவர் காது உள்ளேதான் இருக்கும். நான் கேட்க நினைத்தது மூன்றாம் மனிதர் காதில் விழக்கூடாத காரியம். அதனால்தான் கடிதம். காரியம் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்கள். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வழிமுறை எழுதாமல் விடை எழுதிய பையன்களுக்கு நான் மார்க் போட்டதில்லை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்துகொள்ளுங்கள்: வருகிற பதினான்காம் தேதி சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளைக்குப் பதினேழு வருஷத்து வேலை போகப்போகிறது. அதைப் போக வைத்தவன் நான்.

கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் நம்மவர்கள் சேர்ந்து நடத்தும் செந்தளிர் மழலையர் பள்ளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். போன தடவை வந்தபோது அதன் வாசலில்தான் உங்கள் செருப்பு அறுந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷமே அதன் நிர்வாகக் குழுவில் கல்வி ஆலோசகர் என்று என்னைப் போட்டார்கள். எட்டு வருஷமாகிறது. ஆலோசனை யாரும் கேட்டதில்லை, கூட்டம் நடக்கும்போது டீ கொடுப்பார்கள். அந்தப் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பில் உதவியாளராக இருப்பவள் பொன்னம்மாள். ஜங்புராவில் நம்மவர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். சங்கராபுரத்துப் பெண். அதிலும் உங்கள் பள்ளியிலேயே படித்தவள். 'ஏழாவதோட நிப்பாட்டிட்டாங்க சார்' என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். இந்த ஏழாவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளியின் செயலாளர் ராஜசேகரன், ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். நல்ல மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் ஃபைலாகத்தான் பார்ப்பார். அக்டோபர் மாதக் கூட்டத்தில், 'இன்ஸ்பெக்ஷன் வந்தா கேப்பாங்க. கிளாஸ் ஹெல்ப்பருக்கு என்ன வேலை, என்ன தகுதின்னு நம்மகிட்ட எழுத்துல ஒண்ணும் இல்ல. சார், நீங்க எழுதிக் கொடுங்க, அரைப் பக்கம் போதும்' என்றார். பக்கத்தில் இருந்த ஒரு உறுப்பினர், 'அரைப் பக்கம் எதுக்கு? மூக்கு தொடைக்கணும், கக்கூஸ் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு வரி' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை மச்சான். அரைப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எல்.கே.ஜி. வகுப்பில் கடைசி வரிசையில், முழங்கால் தாடையில் இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பொன்னம்மாள் என்னென்ன செய்கிறாள் என்று எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஒரு பையன் காலையில் அம்மாவை விட்டுவிட்டு அழுதால் அவனைச் சமாதானப்படுத்த மாட்டாள்; 'ராசா, இந்தச் சாவியைக் கொஞ்சம் பிடிச்சுக்க, எனக்குக் கை ஒழியல' என்று ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுப்பாள். அவன் பொறுப்பு வந்து அழுகையை நிறுத்திவிடுவான். இதற்கு என்ன பெயர் வைப்பது? 'பிரிவுத் துயர் மேலாண்மை' என்று எழுதினேன். ஒரு பென்சிலுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் பென்சிலை வாங்கித் தன் கொண்டையில் சொருகிக்கொள்வாள். 'பிணக்குத் தீர்த்தல்.' டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் மூடும் குழந்தை எது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு 'ஊட்டச்சத்துக் கண்காணிப்பு'. இப்படி முப்பத்தொரு கடமைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, நான்கு பக்கம். சிரித்தவர் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்.

நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி கூட்டத்தில் ராஜசேகரன் அதை வாய்விட்டுப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

'அசந்துட்டேன் சார். இதுல நர்ஸ் வேலை இருக்கு, கவுன்சிலர் வேலை இருக்கு, டிரான்ஸ்போர்ட் வேலை இருக்கு. முப்பத்தொரு டியூட்டி. எங்க மினிஸ்ட்ரியில அண்டர் செக்ரட்டரிக்கே பதினாலுதான்' என்றார்.

'அத்தனையும் ஒருத்தி செய்யறா' என்றேன்.

'அதான் கேக்கறேன். இவ்வளவு பொறுப்பான போஸ்ட்ல இருக்கிறவங்க என்ன படிச்சிருக்காங்க?'

மச்சான், அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்திருக்கலாம். டீ கொட்டியிருக்கலாம். நான் வாத்தியார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவன். 'ஏழாவது' என்றேன்.

'ஏழாவதா.' அவர் பேனாவை மூடி வைத்தார். 'சார், டியூட்டி லிஸ்ட் இவ்வளவு ஹெவியா இருக்கும்போது தகுதி ஏழாவதுன்னு போட்டா என் கழுத்தைப் பிடிப்பாங்க. வேலை எவ்வளவோ அதுக்குத் தக்க படிப்பு. ரூல் அப்படி.'

இந்த ஊரில் அப்படித்தான் மச்சான். எந்த அமைச்சகத்திலும் ஒரு பதவிக்கு முதலில் கடமைப் பட்டியல் போடுவார்கள், அதை எடை போட்டுத் தகுதி போடுவார்கள். பட்டியல் நீண்டால் தகுதி ஏறும். நாற்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், என் மாணவர்களில் பாதிப்பேர் இதே வேலையில் இருக்கிறார்கள், இது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் அவளைப் புகழ்ந்து எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் தலையில் ஒரு செங்கல். அன்றே தீர்மானம் ஆயிற்று. புதிதாக வருகிற உதவியாளர் பன்னிரண்டாவது தேறி, மழலையர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சலுகையாக எட்டாவது தேறியிருந்தால் போதும். டிசம்பர் பதினான்கு அன்று சான்றிதழ்களோடு நேர்காணல். இல்லையென்றால் பதினைந்து முதல் வேலை இல்லை. அதுவரை லீவில் இருக்க வேண்டும். இதைப் பொன்னம்மாளிடம் சொல்லும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். சொன்னேன். 'கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லி வேகமாக வந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, அந்த மூன்று வாரம் அவள் வேலையைச் சம்பளமில்லாமல் நானே பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உயர்நிலை வகுப்பில் அறுபது பையன்களை ஒரு பார்வையில் அடக்கியவன், முப்பத்தெட்டு சின்னஞ்சிறுசுகள் என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் மணிக்குள் ஒன்று என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டது, ஒன்று என் மடியில் உட்கார்ந்தபடியே அவசரத்தை முடித்துக்கொண்டது, இன்னொன்று தன் டப்பாவில் இருந்த பாகற்காயை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு 'ஆயாம்மா இப்படித்தான் வாங்கிக்குவாங்க' என்று பொய் சொன்னது. இதெல்லாம் போகட்டும். குளிர்காலம் அல்லவா, எல்லாருக்கும் நீல ஸ்வெட்டர். முக்கால்வாசி ஸ்வெட்டர்களின் இரண்டாவது பொத்தானில் ஒரு கம்பளி நூல் தொங்கிக்கொண்டிருந்தது, சிலதில் சிவப்பு, சிலதில் பச்சை, சிலதில் மஞ்சள். பிரிந்து தொங்குகிறது, வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும் என்று ஒரு கத்தரிக்கோலை எடுத்து எல்லா நூலையும் சுத்தமாக வெட்டிவிட்டேன். வகுப்பாசிரியை மாதங்கி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னப் பெண், ஜூலையில் சேர்ந்தவள். பிற்பாடு கேட்டதற்கு, 'சார் வெட்டறாருன்னா காரணம் இருக்கும்னு நெனச்சேன்' என்றாள்.

பொன்னம்மாள் கட்டியிருந்த அந்த நூல் என்ன என்பது புதன்கிழமை தெரிந்தது. சிவப்பு ஆர்.கே. புரம் வேன், பச்சை கரோல் பாக் வேன், மஞ்சள் லோதி காலனி வேன். நூல் இல்லாதவர்கள் வீட்டாரோடு நடந்து போகிறவர்கள். திங்களும் செவ்வாயும் மாதங்கி பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள். புதன் அன்று அவள் ஆபீசில் இருந்தாள், நான் ஏற்றினேன். ஒரு மணி பத்துக்குப் பள்ளி போன் அடித்தது. ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு தாய். 'வேன் வந்து போயிடுச்சு சார். சிந்து இறங்கலையே, இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் ஏதாவது இருக்கா?'

நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ். அக்டோபரில்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம், குழந்தைக்கு இந்தி தெரியாது, வீட்டு விலாசம் தெரியாது. கழிப்பறை, சறுக்குமரத்தின் அடி, ஸ்டோர் ரூம், எல்லாம் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியின் மூடி கொஞ்சம் விலகியிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி மாதங்கி என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், இரண்டு பேர் கையும் நகரவில்லை. கடைசியில் நான் தூக்கினேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மச்சான், அந்த மூடியின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. ஒன்றே முக்காலுக்குக் குழந்தையின் அப்பா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. 'எந்த வண்டியில ஏத்தினீங்க?' என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ராஜசேகரன் போனில், 'போலீஸுக்குச் சொல்லிடலாமா சார்' என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் சிந்துவின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மாதங்கி, மதராசி கேம்ப் முனையில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போன் போட்டுப் பொன்னம்மாளைக் கூப்பிடச் சொன்னாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு போனுக்கு வந்தாள். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், அவள் முழுசாகக் கேட்கவில்லை.

'சார், அது இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுச்சு?'

'இதுவா இப்ப முக்கியம்?'

'சொல்லுங்க சார்.'

மாதங்கி, 'வைஷ்ணவி' என்றாள்.

'அப்பக் கரோல் பாக் வண்டி. யார்கூட சாப்பிடுதோ அவங்க கையப் புடிச்சுக்கிட்டே போயிடும் அது. போய்ப் பின் சீட்டுக்குக் கீழ பாருங்க. சாப்ட்டா தூங்கிடும்.'

ஆட்டோ பிடித்துக் கரோல் பாக் போனோம், நானும் அந்தத் தகப்பனாரும். வேன்காரர் வண்டியைச் சந்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்திருந்தார். 'கோயி நஹீ ஹை மாஸ்டர்ஜி, சப் உதர் கயே' என்று எல்லாரும் இறங்கிவிட்டதாகச் சத்தியம் பண்ணினார். கதவைத் திறந்தார். பின் சீட்டுக்கு அடியில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தகப்பனார் தூக்கியதும் கண்ணைக் கசக்கி, 'வீடு வந்துடுச்சா?' என்றது. அவர் அந்த ஷூவை வாங்கிக் காலில் மாட்டிவிட்டார். நான் அந்தச் சந்தில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாருடன் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருத்தல். என் முப்பத்தொன்றில் அது இல்லை.

இதற்குப் பிறகாவது அவளுடைய அருமை தெரியும் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, நூலை வெட்டியவன் நான், குற்றம் என்னுடையது, குழந்தையைக் கண்டுபிடித்தவள் அவள் என்று சொன்னேன். ராஜசேகரன் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: 'சார், நீங்க சொல்றதைப் பாத்தா முப்பத்தெட்டுக் குழந்தைங்களோட பாதுகாப்பு ஒரு கம்பளி நூல்ல இருந்திருக்கு. எழுத்துல ஒண்ணும் இல்ல. அந்த அம்மா இல்லாத அன்னிக்கு எல்லாம் போச்சு. இதுக்குத்தான் படிச்ச ஆள் வேணும்னு சொல்றேன்.' அதோடு விடவில்லை. 'தப்பா நினைக்காதீங்க, ரூல்படி பாத்தா உங்களுக்கே இந்தப் போஸ்ட்டுக்குத் தகுதி இல்ல. எம்.எஸ்ஸி., பி.டி. இருக்கு. மழலையர் பயிற்சி இல்லையே' என்றார். ஆக என்னையும் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாதங்கி இப்போது தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள்.

மச்சான், இனி காரியத்துக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டான், நடுவில் ஒரே ஒரு வரியை எழுத விட்டுவிட்டான். விடை சரி. அவனை ஃபெயில் ஆக்குவோமா? இன்னோர் எடுத்துக்காட்டு. ஏழு படி ஏறிவிட்டவள் எட்டாவது படியில் கால் வைக்கவில்லை, ஆனால் மாடியில் பதினேழு வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறாள். அவள் ஏறவே இல்லை என்று சொல்லலாமா? இரண்டும் பொருந்தாத உதாரணம் என்று எனக்கே தெரிகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியின் பழைய பதிவேட்டில் 1975ஆம் வருஷத்துக்கு எதிரே பொன்னம்மாள், தகப்பனார் வடிவேல், ஏழாம் வகுப்பு என்று இருக்கும். அந்தப் பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டதாக நீங்களே சொன்னீர்கள். கரையான் தின்ற பக்கத்தில் எட்டாம் வகுப்பு இருந்திருக்காது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? எட்டாம் வகுப்புத் தேறியதாக ஒரு பதிவுத்தாள், உங்கள் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் பன்னிரண்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும்.

எழுதிவிட்டேன். பெற்ற மகனுக்கு அரை மார்க் கூட்டிப் போட மறுத்து, அதற்காக உங்கள் அக்காள் நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தது உங்களுக்குத் தெரியும். அதே ஆள்தான் இதைக் கேட்கிறேன். உங்கள் அக்காளுக்கு இது தெரியாது. பொன்னம்மாளுக்கும் தெரியாது, தெரிந்தால் வாங்கிக்கொள்ள மாட்டாளோ என்ற பயம் வேறு. நீங்கள் முடியாது என்று சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் நிம்மதிப்பட்டாலும் படுவேன். ஆனால் தயவுசெய்து முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தங்கை கனகாவுக்கு எங்கள் அன்பும், பெரியவர்களுக்கு வணக்கமும், இளஞ்செழியனுக்கு ஆசியும். அவன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறானா என்று பார்த்து எழுதவும். வீடு நிறைந்து, வாசல் நிறைந்து, பள்ளிக்கூடம் நிறைந்து இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேற்படி காரியம் எதையும் செய்ய வேண்டாம். பதிவேட்டைத் திறக்கவே வேண்டாம்.

உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பொன்னம்மாள் வந்தாள். உங்கள் அக்காள் காபி கொடுத்து உட்கார வைத்தாள். 'சார், இன்டர்வியூவுக்கு ஒரு நன்னடத்தை சர்டிபிகேட் கேக்கறாங்க. பெரிய மனுஷங்க யாராவது கொடுக்கணுமாம். எனக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷர் நீங்கதான்' என்றாள்.

'மத்த சர்டிபிகேட்?' என்று மெதுவாகக் கேட்டேன்.

'அதெல்லாம் இருக்கு சார்.'

பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது, 1998. பன்னிரண்டாவது, 2001. கேம்ப்பில் சாயங்கால வகுப்புக்குப் போய் ஆறு வருஷமாகப் படித்திருக்கிறாள். கணக்கில் நாற்பத்தொன்று. மழலையர் பயிற்சி தபாலில் நடக்கிறது, மார்ச்சில் முடிகிறதாம். அதுவும் முடிந்துவிட்டால் சலுகையே தேவையில்லை.

'இதை ஏன் என்கிட்ட சொல்லல?' என்றேன்.

'எங்க சார் சொல்ல விட்டீங்க? மூணு தடவை வாயத் தொறந்தேன், மூணு தடவையும் கவலைப்படாதேன்னு சொல்லிட்டு ஓடிட்டீங்க. ரெண்டு வாரம் பின்னாடி உக்காந்து நான் கொண்டை போடறதுலேர்ந்து எல்லாத்தையும் எழுதினீங்க. என்ன படிச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே.'

உங்கள் அக்காள் சமையற்கட்டில் சிரித்தது கூடத்துக்குக் கேட்டது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, சுகம் விசாரித்து ஒரு கார்டு எழுதலாம் என்று நினைத்தேன். கிழித்தால் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்ததாகிவிடும். அது சரியாகப் படவில்லை. ஆகவே அனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

நன்னடத்தைச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியதுதான், வாசகம் கையிலேயே இருக்கிறது. 'இவரை எட்டு ஆண்டுகளாக நன்கு அறிவேன்' என்று எழுதியவன், நிறுத்தி, 'நன்கு' என்பதை அடித்தேன். பொன்னம்மாள் எட்டிப் பார்த்து, 'அடிச்சுத் திருத்தினா எடுத்துக்க மாட்டாங்க சார்' என்றாள். வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.